காலை எழுந்தது, ஊர் நடுங்குது

மார்ச் 4

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தை இந்தக் கடிதத்தில் விசாரிப்பதாக இல்லை.

இனிமேல் நாம் போனில் பேச வேண்டாம். போனில் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். மெசேஜும் வேண்டாம். என் போன் நான் ஒன்று அடித்தால் அதுவாக ஒன்று போடுகிறது. போன வாரம் எலும்பு டாக்டருக்கு 'கட்டு பிரித்தாயிற்று' என்று அனுப்பப் போய், 'கட்சி பிரிந்தாயிற்று' என்று போயிருக்கிறது. அவர் உடனே கூப்பிட்டு, "யார் யார் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். அதனால் காகிதம்தான். எழுதி, படித்துப் பார்த்து, ஒட்டி அனுப்பலாம்.

நடந்ததை அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்றும் தெரியும். நான் அழுதுகொண்டு நிற்கிறேன், "அண்ணி பண்ணது சரியா தப்பா, சொல்லு" என்கிறேன். அதற்கு உங்கள் வீட்டுக்காரர், "நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டு மேல போகும், கீழ வரும். எந்தப் பக்கமும் போகாது" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். டிவியில் என் மூஞ்சிதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே நானே சொல்கிறேன். எங்கள் கால்பந்து அணி அரையிறுதிக்கு வருவது நான் பிறந்த பிறகு இதுதான் முதல் தடவை. அரையிறுதியில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் இங்கே, இரண்டாவது நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் அந்த ஊரில். அந்த ஊர்க்காரர்களோடுதான் போட்டியே. இந்த வருடம்தான் கிழக்கு கேலரியில் மைக் பிடித்துப் பாட்டையும் கோஷத்தையும் நடத்தும் வேலை என் கைக்கு வந்தது. இதற்கு முன்னால் ஒரு பெண் அந்த மைக்கைத் தொட்டதில்லை. மாவுக்கட்டு போடுகிற ஒருத்தி என்ன கத்திவிடப் போகிறாள் என்றார்கள். கத்திக் காட்டினேன்.

இந்த ஆட்டத்துக்காக கேலரியை முழுசாக மூடுகிற மாதிரி ஒரு துணி தைத்தோம். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட படுக்கை விரிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மேலே எங்கள் சின்னமான ஆந்தை. கீழே ஒரே ஒரு வரி, கேட்டவன் கிலி பிடித்து ஓட வேண்டும். அதற்கு யாரைக் கேட்பது? டிவி தொடரில் பெரிய ராணி வாயைத் திறந்தால் அரண்மனையே ஆடுகிறது. அந்த ராணிக்குக் குரல் கொடுப்பவர் என் சொந்த அண்ணி. கேட்டேன். நீங்களும் போனில் சொன்னீர்கள். ஒவ்வொரு எழுத்தும் என் உயரத்துக்கு எழுதினேன்.

'காலை எழுந்தது! ஊர் நடுங்குது!'

எழுதும்போதே கொஞ்சம் இடித்தது. விடியல், நம்பிக்கை, அதெல்லாம் சரி, ஊர் ஏன் நடுங்க வேண்டும்? கவிதை என்றால் பாதி புரியாமல்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆட்டம் தொடங்கும் முன் துணியைத் தூக்கினோம். அப்புறம் டிவி வர்ணனையாளர் சொல்லியிருக்கிறார்: "காலை எழுந்துவிட்டது. பல் தேய்த்ததா என்று தெரியவில்லை." எதிர் கேலரியில் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, மொத்தக் கூட்டமும் சேர்ந்து, தாளம் போட்டு. ஆந்தை தூங்கப் போகிற நேரம் அண்ணி, காலை!

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று சமன். அதை யாரும் பேசவில்லை. வார்டில் கால் ஒடிந்து கிடப்பவர்கள்கூட என்னைப் பார்த்து "காலை வணக்கம்" என்கிறார்கள், சாயங்காலத்தில். அடுத்த ஆட்டம் முடிந்ததும் மைக் யாருக்கு என்று ரசிகர் கமிட்டி கை தூக்கி முடிவு செய்யப்போகிறது. ஜிம் வைத்திருப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக நிற்கிறார். எனக்கு இந்த மைக் போனால் தாங்காது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தங்கை


மார்ச் 9

என் கணவரின் தங்கைக்கு,

'மரியாதைக்குரிய' என்று ஆரம்பித்தாயே, அங்கேயே என் மரியாதை போய்விட்டது. கடிதத்தை ஸ்டுடியோவில் வைத்துப் படித்தேன். சத்தமாக 'அடிப்பாவி' என்று சொல்லிவிட்டேன். மைக் திறந்திருந்தது. பெரிய ராணி ஒரு குழந்தையைக் கொஞ்சும் காட்சி அது. மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

காலையா? நான் எப்போது காலை என்றேன்? நான் சொன்னது காளை! பெரிய ள! நாக்கை மேலே மடித்துச் சொல்கிற ள! என் பிழைப்பே அந்த ளகரத்தில்தான் நடக்கிறது. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் ஆள் வேண்டும் என்றால் இந்த ஊர் ஸ்டுடியோக்காரர்கள் வேறு யாரையும் தேட மாட்டார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளை என் முன்னால் உட்கார வைத்து 'பள்ளம்' சொல்லச் சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்டவள் வாயிலிருந்து நீ சின்ன ல கேட்டாயாம். உன் காதில் மாவுக்கட்டுப் பவுடர் ஏதாவது அடைத்திருக்கிறதா, டாக்டரிடம் காட்டு.

ஒரு நிமிடம் யோசித்துப் பார். 'காளை எழுந்தது, ஊர் நடுங்குது.' படுத்திருந்த காளை எழுந்து நிற்கிறது, ஊரே நடுங்குகிறது. எவ்வளவு கம்பீரம்! இதைக் கொண்டுபோய் மார்கழிக் குளிர் மாதிரி ஆக்கிவிட்டாயே.

இன்னொன்று. ஆந்தை, ஆந்தை என்று எழுதியிருக்கிறாய். என்ன ஆந்தை? உன் ஜெர்சியில் இருப்பது காளைதானே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதை நான்தான் துவைக்கிறேன். இரண்டு பக்கமும் கொம்பு, பெரிய பெரிய கண், நடுவில் மூக்கு. அதைப் பார்த்துத்தான் இந்த வரியே வந்தது. சின்னத்தை ஏதும் மாற்றிவிட்டீர்களா?

உன் ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஒன்றரை மணி நேரம் ஓடுகிறார்கள், ஒன்றும் நடக்காமல் முடிகிறது. எங்கள் தொடரும் அப்படித்தான். ஆனால் நாங்கள் நடுவில் விளம்பரம் போட்டு மூச்சுவிட இடம் கொடுக்கிறோம். ஒருவனை யாரோ லேசாகத் தொட்டால் அவன் சுருண்டு சுருண்டு உருளுகிறானே, அந்த ஆளை மட்டும் இங்கே அனுப்பு. இப்படி நடிக்கிறவன் கிடைத்தால் குரல் நான் தருகிறேன்.

மைக் போய்விடும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

உன் அண்ணனின் மனைவி


மார்ச் 13

அண்ணி,

உங்கள் கடிதத்தை மாவுக்கட்டு அறையில் நின்று படித்தேன். 'காளை' என்ற இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தினேன். ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், கட்டு காயக் காத்திருந்த ஒரு பெரியவர் பயந்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

அண்ணி, காளை யாருடைய சின்னம் தெரியுமா? அவர்களுடையது! எதிரணியின் சின்னம்! நீங்கள் இப்போது இருக்கும் ஊரில் பஸ்ஸிலும் டீக்கடையிலும் சுவரிலும் சிவப்பாக ஒரு காளை முறைத்துக்கொண்டு நிற்குமே, அது ஊருக்கு அழகாக வரைந்தது என்றா நினைத்தீர்கள்?

எங்களுடையது ஆந்தைதான். எப்போதும் ஆந்தைதான். இந்த அணியைத் தொடங்கியவர்கள் இரவு ஷிஃப்ட் பார்த்த தொழிலாளிகள், அதனால் ஆந்தை. நீங்கள் கொம்பு என்று நினைத்தது காதுப் பக்கத்து இறகு. மூக்கு என்று நினைத்தது அலகு. இத்தனை வருடம் ஆந்தைக்கு சோப்பு போட்டுவிட்டுக் காளை காய்கிறது என்று கொடியில் போட்டிருக்கிறீர்கள்!

இப்போது நினைத்துப் பாருங்கள். என் காது மட்டும் சரியாகக் கேட்டிருந்தால்? அரையிறுதி. எங்கள் மைதானம். எங்கள் கேலரி. டிவி முழுக்கத் தெரிகிறது. நானே முன்னால் நின்று மைக்கில் "தூக்குங்க!" என்று கத்துகிறேன். எழுகிற துணியில், என் உயர எழுத்தில், 'காளை எழுந்தது! ஊர் நடுங்குது!' அவர்களைப் பார்த்து, அவர்களுடைய காளையைப் புகழ்ந்து! எதிர் கேலரிக்காரர்கள் கொட்டாவி விட்டிருக்க மாட்டார்கள். கைதட்டி நன்றி சொல்லியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் என்னை அந்தத் துணியிலேயே சுருட்டி ஆற்றில் விட்டிருப்பார்கள்.

உளறல் என்று ஊர் சிரித்ததே, அந்தப் பிழைதான் என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. வாழ்நாளில் முதல் முறையாகக் காது சரியாகக் கேட்காததற்குச் சந்தோஷப்படுகிறேன்.

அன்றைக்கு நான் கட்டு வெட்டும் ரம்பத்தை ஓடவிட்டுக்கொண்டே உங்களிடம் பேசினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சத்தத்தில் ல, ள எல்லாம் ஒன்றுதான். காதில் பவுடர் இல்லை.

உருளுகிறவனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் தொழிலை வைத்துச் சொல்கிறேன், உண்மையில் எலும்பு முறிந்தவன் உருள மாட்டான். அசையாமல் கிடப்பான், முகம் வெளுத்துப்போகும். உருளுகிறவனுக்கு ஒன்றும் இல்லை, தைரியமாக நீங்கள் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இதை வெளியே மூச்சுவிட முடியாது. காலை என்று எழுதியது முட்டாள்தனம். காளை என்று எழுத இருந்தது துரோகம். முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஜிம்காரர் தினமும் பேக்கரிக்கு வந்து கமிட்டித் தலைவரிடம் பேசிவிட்டுப் போகிறார். தலைவர் பேக்கரிக்காரர், இளகிய மனசு, யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம்.

விசில்


மார்ச் 17

அடி விசிலு,

நீ பழையபடி செல்லப் பேரில் 'விசில்' என்று கையெழுத்துப் போட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஆந்தை விஷயத்தில் எனக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை இல்லை. உன் பழைய தொப்பி ஒன்று என் பெட்டியில் வந்திருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பார்த்தேன். இப்போது ஆந்தை தெரிகிறது. கொஞ்சம் கண்ணைச் சுருக்கினால் மறுபடி காளை வந்துவிடுகிறது. வரைந்தவர் யாரோ, இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் வரைந்திருக்கிறார்.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உன்னிடம் பேசும்போது என் வாயில் தொண்டை மிட்டாய் இருந்தது. காலையிலிருந்து பெரிய ராணி சபதம் போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயில் மிட்டாய் இருந்தால் நாக்கு மடங்க இடம் ஏது? நானே அதே மாதிரி மிட்டாய் ஒன்றைப் போட்டுக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். சவுண்டு எஞ்சினியரைக் கேட்கச் சொன்னேன். "காலைன்னுதான் கேக்குது மேடம்" என்றார். இதை நீ யாரிடமாவது சொன்னால் என் தொழில் போச்சு. உன் ரம்பமும் என் மிட்டாயும் சேர்ந்து செய்த வேலை இது, ஆளுக்குப் பாதி.

அடுத்த ஆட்டம் இந்த ஊரில்தானே. நான் வருகிறேன். நிஜமாகத்தான். எங்கள் ஸ்டுடியோவுக்கு இலவச பாஸ் வந்திருக்கிறது, எல்லோரும் போகிறார்கள். ஒரே ஒரு சங்கடம். பாஸ் எந்த கேலரிக்கு என்று பார்த்தேன். காளை கேலரி. நட்ட நடுவில்.

போகாமல் இருந்துவிடவா? ஆனால் நீ தனியாக அங்கே நின்று கத்தப்போகிறாய், நான் இதே ஊரில் வீட்டில் உட்கார்ந்து துணி மடிப்பேன் என்றால் அது எனக்குச் சரியாகப் படவில்லை. எதை உடுத்த வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று எழுது. அந்த ஆஃப்சைடு என்பதையும் எழுது. யாராவது முன்னால் ஓடினால் நம் வீட்டில் பாராட்டுவோம், இவர்கள் கொடியைத் தூக்குகிறார்கள். ஏன்?

உன் அண்ணி


மார்ச் 21

அன்புள்ள அண்ணி,

நீங்கள் வருவதே எனக்குப் பாதி வெற்றி. காளை கேலரியானாலும் சரி.

சிவப்பு உடுத்தாதீர்கள். எங்கள் நிறம் சாம்பல், ஆனால் அந்தக் கூட்டத்தில் சாம்பலும் வேண்டாம், முதுகு தாங்காது. அந்த வெளிர் நீலத்தைக் கட்டிக்கொள்ளுங்கள், உங்களுக்கு நன்றாக இருக்கும். அவர்கள் கோல் போட்டால் மட்டும் எழுந்திருக்காதீர்கள். எழுந்தாலும் கை தட்டாதீர்கள். கை தட்டினாலும் என்னிடம் சொல்லாதீர்கள். பந்து வெளியே போகும்போது "அதை ஏன் அவன்கிட்ட குடுக்கிறாங்க?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டுச் சோபாவில் அந்தக் கேள்வியால்தான் அண்ணன் ஆட்டம் பார்ப்பதையே விட்டார்.

ஆஃப்சைடு என்பது இதுதான்: பந்து வருவதற்கு முன்னாலேயே போய், எதிராளிக்கெல்லாம் பின்னால், கோல் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் இப்பத்தான் வந்தேன்" என்று சொல்வது. பந்தி போடும் முன்னே இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாரே உங்கள் பெரிய மாமா, அவர் முழுநேர ஆஃப்சைடு.

பேக்கரி மாடியில் கமிட்டிக் கூட்டம் நடந்தது. சூடாகத்தான் இருந்தது, கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் மட்டும் இல்லை. யார் எழுதிக் கொடுத்த வரி என்று கேட்டார்கள். அதை விடுங்கள். காளை ஆட்கள் கூட்டத்தோடு பல் தேய்க்கும் பிரஷ் கொண்டுவரப் போகிறார்கள் என்று செய்தி வந்திருக்கிறது. துணியை மடித்து உள்ளே வைத்துவிடலாம், பாட்டு இல்லாமல் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று பாதிப் பேர். நான் மாட்டேன் என்றேன். துணியை எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். மைக் அன்றைக்கு மட்டும் என் கையில் இருக்கும், முடிந்ததும் முடிவு. கொஞ்சம் பயமாக இருக்கிறது அண்ணி.

விசில்


மார்ச் 25

விசிலு,

இது கடிதம் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு. டப்பிங்குக்கு நடுவில் எழுதுகிறேன்.

உன் அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். லிஃப்டு முதல் முறையாகப் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. கூட்டத்தில் அவர்கள் கேட்டதற்கு நீ, "யாரும் எழுதித் தரலை. நானேதான் எழுதினேன். என் புத்தி அவ்வளவுதான்" என்றாயாமே. என் பேர் வாயில் வரவே இல்லையாமே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தினமும் அழுகிறவள்தான், வாரத்துக்கு நாலு சாவு, இரண்டு பிரிவு. இது தொழில் அழுகை இல்லை. எஞ்சினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், "இந்த டேக் நல்லா இருக்கு" என்று.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

அண்ணி


மார்ச் 31

என் தங்கமே,

அன்று உங்கள் பஸ் கிளம்பிப் போன பிறகு உன்னிடம் பேசவில்லை. போனை எடுத்தேன், வைத்தேன். என்ன பதில் வருமோ என்ற பயம்தான். அதனால் என் பக்கத்தில் நடந்ததை எழுதுகிறேன். அங்கிருந்து உனக்குத் தெரிந்திருக்காது.

காளை கேலரியில் எனக்கு இரண்டு பக்கமும் ஸ்டுடியோ ஆட்கள், முன்னாலும் பின்னாலும் சிவப்பு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரஷ். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், மென்மையான வகை. உங்கள் துணி எழுந்தது. எழுந்ததுதான் தாமதம், இவர்கள் அத்தனை பேரும் பல் தேய்க்க ஆரம்பித்தார்கள். அதற்கு ஒரு பாட்டு வேறு. வாய் கொப்பளிக்கிற சத்தத்தோடு முடியும். நன்றாகத்தான் இசை அமைத்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். எதிரே தூரத்தில் நீ மைக்கைத் தூக்கிக் கத்துவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. உன் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. குரல் கேட்காமல் வாய் அசைவதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. அது என் தொழில் வியாதி.

என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். பெரிய ராணியின் குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

"சபை அடங்கட்டும்!"

அடங்கிவிட்டது விசிலு! தினமும் சாயங்காலம் அந்தக் குரலைக் கேட்டு, கையில் எடுத்த பிஸ்கட்டை வாயில் போடாமல் நிறுத்துகிற ஜனம்தானே இதுவும். என்னைச் சுற்றி இருந்தவர்கள் பிரஷ் வாயில் இருக்க அப்படியே உறைந்து போனார்கள். அவர்கள் நிறுத்தியதும் பக்கத்துக் கூட்டத்துக்குப் பாட்டு தடம் புரண்டது. ஒரே ஒரு மூச்சு நேரம் மைதானம் சும்மா இருந்தது. அந்த நேரத்தில்தான் உன் குரல் தெளிவாக வந்தது. "காலை வணக்கம்!" உங்கள் கேலரி மொத்தமும் எழுந்து, கைகூப்பி, எதிரே பார்த்து, "வணக்கம்!" என்றது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரிய மீசைக்காரர் தன்னை அறியாமல் திரும்ப வணக்கம் வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அவரை முழங்கையால் இடித்தார்.

அப்புறம் ஆட்டம் முழுக்க அதுதான். அவர்கள் தேய்க்க, நீங்கள் வணங்க. நீங்கள் கோல் போட்டபோது எழுந்து குதித்தது நான் ஒருத்திதான். வெளிர் நீலம் என்று பார்க்காமல் முறைத்தார்கள். "மேடம், அது அவங்க கோல்" என்றான் பக்கத்துப் பையன். "தெரியும்டா" என்றேன். அவர்கள் இரண்டு போட்டார்கள். இரண்டாவதற்கு எல்லோரும் எழுந்து ஆடும்போது நான் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒரு பந்து வலையில் விழுந்ததற்கு எனக்கு ஏன் இவ்வளவு துக்கம்?

ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்து உங்கள் பஸ்ஸைப் பிடித்தேன். நீ வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். ஆனால் உன் மைக் அப்போதே ஜிம்காரர் மடியில் இருந்தது. யாரும் கேட்பதற்கு முன்னால் நீயே கொடுத்துவிட்டாய் என்று தலைவர் சொன்னார். அதைக் கேட்டதும்தான் நான் படியில் ஏறி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வரி என்னுடையது, நான் சொன்னது காளை, உங்கள் ஆந்தையைக் காளை என்று நினைத்தவள் நான், இவள் காது தப்பாகக் கேட்டதால்தான் உங்கள் மானம் பிழைத்தது, இவள் என் பேரைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. சொல்லி முடித்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். இறங்கினேன், கதவு மூடிக்கொண்டது.

நான் உனக்கு நல்லது செய்தேனா, இன்னும் குழி தோண்டினேனா? இரண்டு நாளாக அதேதான் மண்டையில். நேற்று பெரிய ராணி சிம்மாசனத்தை இழக்கும் காட்சி. நான் சிம்மாசனம் என்பதற்குப் பதில் மைக் என்று சொல்லிவிட்டேன். எழுதுடி.

அண்ணி


ஏப்ரல் 5

அன்பு அண்ணிக்கு,

கதவு மூடிய பிறகு நடந்தது இதுதான்.

பஸ் அந்த ஊர் எல்லையைத் தாண்டியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தலைவர் ஒரு மாதிரி சத்தம் போட்டார். நெஞ்சு வலி என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். சிரித்திருக்கிறார். "காளை எழுந்ததுன்னு… நம்ம கேலரியில… நம்மளே தூக்கி…" அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. பின்னால் ஒருத்தர், முன்னால் ஒருத்தர், பஸ்ஸே குலுங்கியது. டிரைவர் ஓரமாக நிறுத்தி, "என்னங்க, தோத்துட்டுத்தானே வர்றீங்க?" என்று கேட்டார். தோற்றுத்தான் வந்தோம் அண்ணி. இந்த வருடத்துக் கோப்பையும் இல்லை.

உங்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை. ஆனால் இனி எங்கள் கேலரிக்கு வரி எழுதுவதாக இருந்தால், பக்கத்தில் அந்த மிருகத்தைப் படம் போட்டுக் காட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். காளை ஆட்கள் கடைசியில் எங்கள் பக்கம் வீசிய பிரஷ்களைப் பொறுக்கி எடுத்து வந்தேன், உறை பிரிக்காதவற்றை மட்டும். வார்டில் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டேன். இனி "காலை வணக்கம்" சொல்கிறவர்கள் தேய்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சிரித்து ஓய்ந்த பிறகு தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, மைக்கு. கை தூக்குறவங்க தூக்கலாம்" என்றார். சிரிப்பு வேறு, மைக் வேறு. ஜிம்காரருக்கு என் குரலைப் போல மூன்று மடங்கு. அதை நான் மறுக்க முடியாது.

அவர் எழுந்தார். மைக்கை மடியில் வைத்து வருடிக்கொண்டே வந்தவர் அதைக் கையில் எடுத்து, பஸ் நடுவில் நின்றார். மைக்கில் பேசப்போகிறார் என்று நினைத்தேன். மைக் இல்லாமலே சொன்னார்: "கத்துறதுக்கு ஆள் கிடைக்கும். நான் கத்துவேன், என்னைவிட நல்லா கத்துறவனும் இருப்பான். ஆனா ஊரே சிரிச்சப்புறம் அதே துணியைத் தூக்கிட்டு அவங்க ஊருக்கே போய் நின்னுச்சே இந்தப் பொண்ணு. நானா இருந்தா அன்னைக்கே மைக்கைத் தூக்கிப் போட்டுட்டு ஜிம்மைப் பூட்டிட்டுப் படுத்திருப்பேன். தோக்குற டீமுக்கு முன்னால நிக்கிறதுக்கு இது மாதிரி ஆள்தான் வேணும்."

சொல்லிவிட்டு என் மடியில் மைக்கை வைத்தார். அதற்கப்புறம் கை தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. யாரும் தூக்கவும் இல்லை. அவரவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், இதில் பேச என்ன இருக்கிறது என்பது மாதிரி.

நான் அழுதேன் அண்ணி. பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு, அழுகை நின்றதா என்று பார்க்க மைக்கை வாயருகே வைத்து ஒரு தரம் செருமினேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள், என்ன பாட வேண்டும் என்று.

உங்கள்
விசில்